‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்: பேனிக் நோயாளிக்குக் கற்றுக்கொடுக்கும் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆட்டோவில் கொண்டுவருவார்கள். ஒரு கை நெஞ்சில் இருக்கும், விரல்கள் கோணியிருக்கும். “சிஸ்டரே, நான் இப்பம் செத்துருவேன்” என்பார். ஈசிஜி எடுப்போம். சர்க்கரை, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் பார்ப்போம். எல்லாம் சரியாக இருக்கும். அரை மணி நேரத்தில் ஆளும் தெளிந்துவிடுவார். அப்போது நம் வாயில் தன்னால் வருகிற வார்த்தை ஒன்று உண்டு: “ஒண்ணுமில்லக்கா, வீட்டுக்குப் போங்க.” பத்து நாள் கழித்து அதே அக்கா, அதே ஆட்டோ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. ஒருநாள் ஒரு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “ஒண்ணுமில்லன்னா, பின்ன எனக்கு வந்தது என்னவாக்கும்?” என்னிடம் பதில் இல்லை. ‘ஒண்ணுமில்ல’ என்றால் நோயாளி காதில் விழுவது இரண்டில் ஒன்று. நான் நடிக்கிறேன் என்கிறார்கள். அல்லது இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. முதலாவது அவரை வாயடைக்கும். இரண்டாவது திருவனந்தபுரம் வரை ஸ்கேன் எடுக்க ஓட வைக்கும்.

அவருக்கு வந்தது பேனிக், அதாவது ஆபத்து இல்லாமலே திடீரென்று எழும் கடும் பயத் தாக்குதல். அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நாம் செய்ய வேண்டிய கற்பித்தல். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வார்டிலும் அவசரப் பிரிவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற செவிலியருக்காக, பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்காக, படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இது பேனிக்தானா?

நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை. ஆனால் அவருக்குத் தேவையான பாதித் தகவலைச் சேகரிப்பது நாம்தான். ‘பதற்றக் கேஸ்’ என்று வாசலிலேயே முத்திரை குத்திவிட்டால், மாரடைப்பு ஒன்று நம் கண் முன்னாலேயே நழுவிப்போகும். நெஞ்சுவலி என்று வந்தால், முன்பு ஐந்து தடவை பேனிக் என்று வந்தவராகவே இருந்தாலும், பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. நடந்தால் கூடுகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, மயங்கி விழுதல், ஒரு பக்கம் பலவீனம், பிரசவத்துக்குப் பிறகோ நீண்ட நாள் படுக்கைக்குப் பிறகோ திடீரென்று வரும் மூச்சுத்திணறல், சர்க்கரையும் பிரஷரும் உள்ள நாற்பது தாண்டியவர் ஆகிய எதுவாக இருந்தாலும் பேனிக் என்கிற பேச்சையே அப்போது எடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியவை வேறு. தைராய்டு, ரத்தசோகை பார்த்தாயிற்றா? இரைப்புக்கு மாத்திரையோ இன்ஹேலரோ எடுக்கிறாரா? சால்பூட்டமாலும் தியோபிலினும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) ஒரு நாளைக்கு எத்தனை? நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ‘ரெண்டு’ என்றுதான் முதலில் பதில் வரும். கடைச்சாயாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்களிடம் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேளுங்கள். தினமும் குடிப்பவர் நிறுத்திய ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தால், அது மதுவை நிறுத்தியதால் வருகிற பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

பேனிக் தாக்குதல் ஒன்று வந்துவிட்டால் அது பேனிக் நோய் ஆகிவிடாது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுமுட்டல், நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், மரமரப்பு, செத்துவிடுவோம் என்ற பயம் என்று மொத்தம் 13 அறிகுறிகளை மருத்துவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்தது நான்கு சேர்ந்து திடீரென்று எழும்பி, சில நிமிடங்களில் உச்சிக்குப் போனால் அது தாக்குதல். காரணமே இல்லாமல் அது திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடி வருமோ’ என்ற பயத்திலோ, அதற்குப் பயந்து வாழ்க்கையை மாற்றிக்கொள்வதிலோ ஒரு மாதம் கழிந்தால்தான் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. ஆண்கள் பலர் ‘வாயுத் தொல்லை’ என்று சொல்லிக்கொண்டு ஒரு குவார்ட்டரில் அமுக்கிவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

‘பேனிக்’ என்று யாரும் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். “வெப்ராளமா (பதைப்பா) இருக்கு”, “வாயு நெஞ்சில கேறிட்டு”, “லோ பிரஷர்” இப்படித்தான் வரும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கும்போது அந்த வார்த்தையில்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: தாக்குதல் நடக்கும்போது பாடம் எடுக்காதீர்கள்

அந்த நேரத்தில் காதில் ஒன்றும் ஏறாது. கூட வந்த ஏழெட்டுப் பேரை வெளியே நிறுத்தி ஒருவரை மட்டும் உள்ளே விடுங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசாமல், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். ஒரே ஆள் பேச வேண்டும், சின்ன வாக்கியமாக: “நான் இங்கதான் இருக்கேன். இது மேல ஏறும், பிறகு இறங்கும். கூட இருந்து பாப்போம்.” ‘பயப்படாதீங்க’ என்பதால் யாருக்கும் பயம் போனதில்லை.

சுவர்க் கடிகாரத்தைக் காட்டி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சி, அரை மணிக்குள் இறக்கம். ‘மணிக்கணக்கா இருந்துச்சு’ என்று நம்புகிறவருக்கு, “பதினேழு நிமிஷம் ஆச்சுக்கா” என்று பிறகு சொல்ல முடிவது பெரிய ஆயுதம்.

மூச்சு விஷயத்தில் நம்மில் பலர் தப்பு செய்கிறோம். ‘நல்லா இழுத்து விடுங்க’ என்கிறோம். அவர் ஏற்கெனவே அளவுக்கு அதிகமாக இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்கித் தலை சுற்றுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, தனித்து ஓடும் கால்சியம் குறைந்து, உதடும் விரலும் மரமரக்கின்றன, விரல்கள் கோணுகின்றன. ஆழமாக வேண்டாம், மெதுவாக வேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை சின்னதாக உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை வெளியே. “பைய விடுங்க, பைய” என்றால் நம் ஊரில் யாருக்கும் புரியும். காகிதப் பையை முகத்தில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதய நோயோ என்றால் அது ஆபத்து.

மூன்றாம் படி: நாய்க்குச் சீக்கில்லை

முக்கியமான உட்காரல் இது. தாக்குதல் அடங்கிய பிறகு, முடிந்தால் மறுநாள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். திரை போட்ட ஒரு மூலை போதும். முதலில் விளக்காதீர்கள், கேளுங்கள்: “உங்களுக்கு இது என்னன்னு தோணுது?” இதயம் என்பார், வாயு என்பார், யாரோ வைத்த செய்வினை என்பார். வர்ம ஆசானிடம் போய்த் தடவிக்கொண்டு வந்திருப்பார், ஜெபத்துக்குப் போயிருப்பார், மந்திரித்த கயிறு கட்டியிருப்பார். கயிற்றைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். ‘அதோடு இதையும் செய்யுங்க, மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க’ என்றால் போதும். கயிற்றோடு சண்டைக்குப் போன செவிலியரிடம் நோயாளி இரண்டாம் முறை வருவதில்லை.

பிறகு நான் சொல்வது இதுதான்: “ராத்திரி வீட்டு முற்றத்துல தென்னையிலேருந்து ஓலை விழுது. நாய் பாய்ஞ்சு பாய்ஞ்சு குரைக்கு. கள்ளன் வந்தாலும் அதே குரைப்புதான். நாய்க்குச் சீக்கா? இல்லை. அது நல்ல நாய், ஆள் தெரியாம குரைச்சிட்டு. உங்க உடம்புலயும் அப்படி ஒரு காவல் இருக்கு. அது ஓலைக்குக் குரைச்சிட்டு.”

இதன் பிறகு ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் சொல்ல வேண்டும், இதை அவசரப்படுத்தாதீர்கள். கள்ளன் வந்தால் ஓட வேண்டும் அல்லது அடிக்க வேண்டும். அதற்கு அட்ரினலின் சுரக்கிறது. கைகால் தசைக்கு ரத்தம் வேண்டும், அதனால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. உடம்பு சூடாகாமலிருக்க வியர்வை. சாப்பாடு செரிக்க இது நேரமில்லை, அதனால் வயிறு புரளுகிறது. ஒவ்வொன்றும் காப்பாற்றத்தான் நடக்கிறது. கள்ளன் மட்டும் இல்லை.

ஒரு தாளில் வட்டம் வரையுங்கள். நெஞ்சு துடித்தது, ‘ஹார்ட் அட்டாக்’ என்று நினைத்தார், பயந்தார், பயத்தில் இன்னும் அட்ரினலின், இன்னும் துடிப்பு. மாடிப்படி ஏறியதாலோ கட்டன் குடித்ததாலோ வந்த சாதாரணத் துடிப்புகூட வட்டத்தைத் தொடங்கிவிடும். அறுக்க வேண்டிய இடம் அந்த நினைப்பு.

மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். கேட்காவிட்டாலும் உள்ளே இருக்கும். செத்துப்போவேனா? இந்தத் தாக்குதல் இதயத்தை நிறுத்தாது. மயங்கி விழுவேனா? மயக்கம் பெரும்பாலும் பிரஷர் இறங்கினால் வருவது; பேனிக்கில் அது ஏறுகிறது, அதனால் மயங்குவது அபூர்வம். கிறுக்கு பிடிக்குமா? பிடிக்காது, இது அந்த வகை நோய் இல்லை. மூன்றாவதைக் கேட்கும்போது குரல் இறங்கும், கவனியுங்கள்.

கடற்கரை ஊர்களில் நான் நாய்க்குப் பதில் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டைச் சொல்வதுண்டு: காற்றில்லாமலே கூண்டு ஏறிவிட்டது என்று. ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் ஆள் போன வீடு என்றால் கூண்டைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். காற்றுச் சத்தம் கேட்டாலே தாக்குதல் வருகிறது, கடல் கனவாக வருகிறது, கரைக்குப் போவதையே விட்டுவிட்டார் என்றால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் தனியாகச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுல போய் மாமியார்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லிக் காட்டும்போது எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திரும்பப் போங்கள்.

நான்காம் படி: காலண்டர் தாள்

தாக்குதல் குறிப்பு எழுதச் சொன்னால் நோட்டு வாங்கி, மூன்று நாள் எழுதி, நிறுத்திவிடுவார்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, அது போதும். எங்கே இருந்தேன், முதலில் உடம்பில் என்ன தோன்றியது, என்ன நினைத்தேன், என்ன செய்தேன், எத்தனை நிமிடம். தேதி ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது. எழுதத் தெரியாதவர் மகளிடம் சொல்லி எழுத வைக்கலாம், அல்லது போனில் பேசிப் பதிவுசெய்யலாம். இரண்டு வாரத் தாள்களைப் பரப்பி வைத்தால் காலைப் பட்டினியும் தூக்கமின்மையும் நான்காவது கட்டனும் தாமாகவே தெரியும். விடியுமுன் மூன்று மணிக்கு ரப்பர் வெட்டப் போகிறவர் பகலில் தூங்குகிறாரா என்பதையும் அதில் பாருங்கள்.

ஐந்தாம் படி: மாத்திரை

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பரோக்செட்டின் போன்றவைதான் பெரும்பாலும் முதலில் தருவது. இவற்றைப் பற்றி நாம் சொல்லாமல் விடுகிற ஒரு வரியால்தான் பலர் ஒரு வாரத்தில் நிறுத்துகிறார்கள்: முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம். குமட்டலும் தூக்கக் குலைவும் வரலாம். அதனால்தான் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குகிறார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு அதைவிடவும் கூடுதல் நாள் ஆகும். சரியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். நோயாளி அதை ‘திரும்ப வந்துட்டு’ என்று எடுத்துக்கொள்வார். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இடுப்புவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் உள்ளவரிடம், சேர்த்து எடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும் என்று சொல்லுங்கள்.

குளோனசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம் வேறு கூட்டம். உடனே அடக்கும், அதுதான் அவற்றின் வசீகரமும் ஆபத்தும். கொஞ்ச நாளுக்கு, எழுதிக்கொடுத்த அளவுக்கு மட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் ‘நரம்பு மாத்திரை’யைக் கடன் வாங்குவது, குடித்துவிட்டு எடுப்பது, எடுத்துவிட்டு பைக் ஓட்டுவது, இருட்டில் வெட்டுக்கத்தி பிடிப்பது, வள்ளத்தில் ஏறுவது எல்லாம் கூடாது. கர்ப்பம் என்றாலோ அதற்குத் திட்டம் என்றாலோ முதலிலேயே சொல்ல வேண்டும், பயந்து தானாக நிறுத்தக் கூடாது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு: வெளிநாடு போகிறீர்களா? லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர் பையில் இந்த மாத்திரைகள் இருந்தால் விமான நிலையத்திலேயே சிக்கலாம். அங்கே பல நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருந்துச்சீட்டும் மருத்துவச் சான்றும் முன்அனுமதியும் வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பஸ் ஏணி

தாக்குதல் குறைந்த பிறகும் வாழ்க்கை திரும்பாமல் இருப்பதற்குக் காரணம் ஒதுங்கல். ஒருமுறை பஸ்ஸில் வந்தது, அதனால் பஸ் வேண்டாம். பிறகு சந்தை வேண்டாம், கோயில் கொடை வேண்டாம், பள்ளித் திருவிழா வேண்டாம். கடைசியில் அடுக்களையும் படுக்கையும் மிஞ்சும். ஒவ்வொரு ஒதுங்கலும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும், அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி.

ஒதுங்கியவற்றை எளிதிலிருந்து கடினம்வரை படிப்படியாக அடுக்குவதுதான் ஏணி. அதை நோயாளியே போட வேண்டும். நாம் எழுதித் தந்தால் அது வீட்டுப்பாடம். திருவட்டாறு பக்கத்து அக்கா ஒருவர் போட்ட ஏணி இப்படி: பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நிற்பது. கணவரோடு ஒரு ஸ்டாப். தனியாக ஒரு ஸ்டாப். தனியாக அழகியமண்டபம். தக்கலை. கூட்டமான நேரத்தில் தக்கலை. கடைசியில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு சாமான் வாங்கித் திரும்புவது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பது இந்த வைத்தியத்துக்குக் கிடைத்த வரம்; ஒரு ஸ்டாப் போய் ஒரு ஸ்டாப் வர ஒரு பைசா செலவில்லை, ஒரே நாளில் நான்கு தடவையும் பழகலாம். ஒரு பையன் ஏணியின் உச்சியில் மாத்தூர் தொட்டிப்பாலம் என்று எழுதினான். 115 அடி உயரத்தில் எனக்கே கால் கூசும், அது பேனிக் கணக்கில் வராது என்று சொல்லி அடித்துவிட்டோம்.

விதி ஒன்றுதான்: பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கக் கூடாது. இறங்கினால் ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்று மனசு கற்றுக்கொள்ளும். போகுமுன் “என்ன நடக்கும்னு பயப்படுறீங்க?” என்று கேட்டு எழுதுங்கள், வந்த பிறகு “நடந்துச்சா?” என்று கேளுங்கள். பயம் குறையாமலே திரும்பி வந்தாலும், பயந்தது நடக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் படி ஏறியாயிற்று.

ஊன்றுகோல்களையும் விசாரியுங்கள். கைப்பையில் தண்ணீர் பாட்டில், விக்ஸ் டப்பி, எலுமிச்சம்பழம், ஒரு பாதி மாத்திரை, கதவுப் பக்கத்து சீட், போனில் தயாராகக் கணவர் நம்பர். ஒன்றொன்றாகத்தான் கழற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஓடி நெஞ்சைத் துடிக்க வைப்பது, சுற்றித் தலைசுற்ற வைப்பது, உறிஞ்சுகுழலில் மூச்சுவிடுவது போன்ற பயிற்சிகளும் உண்டு. அவை நல்ல பலன் தருபவைதான், ஆனால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிற மீனவருக்கு இந்த ஏணி பொருந்தாது. நடுக்கடலில் இறங்குவதற்கு ஸ்டாப் இல்லை. அவருக்கு நான் சொல்வது: போட்டில் ஒரே ஒரு கூட்டாளியிடமாவது விஷயத்தைச் சொல்லிவையுங்கள், மூச்சுப் பயிற்சியைக் கரையிலேயே தினமும் பழகுங்கள், சீக்கிரம் திரும்பும் வள்ளத்தில் முதலில் போங்கள்.

ஏழாம் படி: வீட்டுக்காரர்கள்

“சும்மா நடிக்கா சிஸ்டர்” என்கிற கணவரும், மகளைத் தனியாகக் குளிக்கக்கூட விடாத அம்மாவும் ஒரே சேதத்தைத்தான் செய்கிறார்கள். இருவரையும் உட்காரவைத்து அந்த வட்டப்படத்தைக் காட்டுங்கள். தாக்குதல் வந்தால் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். விசிற ஆள்கூட்டம் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வழக்கமான தாக்குதலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம். வலி வழக்கத்திலிருந்து மாறினால், நடக்கும்போது வந்தால், மயங்கினால், அரை மணி தாண்டியும் இறங்காவிட்டால் யோசிக்காமல் 108. இந்த நான்கையும் தாளில் எழுதிக்கொடுங்கள்.

கல்யாண ஆலோசனை நடக்கிற பெண் என்றால் அம்மா முதலில் கேட்பது ‘வெளியே தெரியுமா’ என்றுதான். நோயாளியின் தகவலை ரகசியமாக வைப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய உரிமை என்று சொல்லுங்கள். நாமும் அதன்படி நடக்க வேண்டும். ஓபி வரிசையில் பெயரைக் கூவி ‘மனநலப் பிரிவு’ என்று சேர்க்கிற வழக்கத்தை விடுங்கள்.

எட்டாம் படி: திரும்ப வர வைப்பது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ போகும் தேதியை எழுதிக்கொடுங்கள். ‘ஒருநாள் போங்க’ என்றால் போகமாட்டார்கள். இரண்டாவது வாரம் மாத்திரைத் தொந்தரவைக் கேட்க, ஆறாவது வாரம் ஏணியைக் கேட்க. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. காய்ச்சல், துக்கம், பரீட்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு ஒன்றிரண்டு தாக்குதல் எட்டிப் பார்க்கலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ‘எல்லாம் போச்சு’ என்று உட்கார்ந்துவிட மாட்டார்கள்.

கடைசி வேலை கேஸ் ஷீட்டில். ‘நோயாளிக்கு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னது என்ன, எந்த ஊன்றுகோலை விட்டார், ஏணியில் எந்தப் படி என்று எழுதுங்கள். ‘ஓலைக்குக் குரைத்த நாய் என்று மாமியாருக்கு விளக்கினார். விக்ஸ் டப்பி இன்னும் பையில். அடுத்தது தக்கலை, தனியாக.’ அடுத்த ஷிப்ட் சிஸ்டர் இதைப் படித்துவிட்டு, “தக்கலை வரை போனீங்களாக்கா?” என்று பேச்சைத் தொடங்கிவிடலாம்.